மழைக்கு முன் கூரை ஏறுங்கள்: புதுச்சேரியின் பூட்டிய கட்டடங்களுக்காக ஒரு திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும், பொதுப்பணித் துறை, நகராட்சி, நகர அமைப்புக் குழுமம், பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும்,

பழைய நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்கு உள்ளே பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களின் வாசலில் ஒரு தகரப் பலகை தொங்குகிறது: ‘பழுதடைந்த கட்டடம், உள்ளே நுழையாதீர்.’ பொதுமக்களை எச்சரிக்க வைத்த பலகை அது. ஆனால் அதை மாட்டிய நாளிலிருந்து துறை ஆட்களும் உள்ளே போவதில்லை. மாடிக்கு ஏறி இலை வாருவது நிற்கிறது. தூம்பில், அதாவது மாடியின் மழைநீர் வெளியேறும் துளையில், அடைத்த மண்ணைக் குத்தி எடுப்பது நிற்கிறது. கேட்டால் ஒரே பதில்தான்: “இதுக்குப் பெரிய திட்டம் வருது. கோடிக்கணக்கில் சீரமைக்கப் போறோம். அதுக்குள்ள எதுக்கு இதில் காசு போடணும்?”

இந்தப் பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை. சுண்ணாம்பு வேலை செய்யும் கொத்தனார்கள், தச்சர்கள், கட்டடப் பொறியாளர்கள் என இந்த ஊரின் பழைய சுவர்களோடும் கூரைகளோடும் தொழில் செய்பவர்கள் நாங்கள். எங்கள் கண்ணில் படுவது இதுதான்: பழைய கட்டடம் வயதால் விழுவது அபூர்வம். பெரிய திட்டம் அறிவிக்கப்பட்ட நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் இடையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஆண்டுகளில்தான் அது விழுகிறது.

கடற்கரைச் சாலையில் 1870-இல் கட்டிய மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது. அதைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே பல காலம் நடந்துகொண்டுதான் இருந்தது. பிறகு உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்திலேயே புதிதாகக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். கடற்கரையில் நடப்பவர்கள் இன்று பார்த்து மகிழும் முகப்பு அது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1870-இன் செங்கல்லும் மரமும் சுண்ணாம்பும் போனது போனதுதான். அதே அளவுக்கு இன்னொரு கட்டடத்தை இழந்து, அதே போல இன்னொரு நகலைக் கட்டும் நிலை வரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

மட்டப்பா, அதாவது மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை, எப்படிச் சாகிறது என்பதை முதலில் சொல்கிறோம். கோப்பில் ‘கூரை பழுது’ என்ற இரண்டே சொல்லில் முடிந்துபோகும் விஷயம் இது.

இரு சுவர்களுக்கு நடுவே பெரிய தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் கொண்ட சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி, மூலைவாட்டாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், 3 முதல் 4 அங்குலம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட ஓடு. இவ்வளவும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிலோ. இந்த எடையைத் தாங்கத்தான் உத்திரத்தின் கனமும் சுவரின் கனமும் கணக்கிடப்பட்டன. அதனால்தான் நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் அசையாமல் நிற்கின்றன.

இந்தக் கூரைக்கு ஒரே ஒரு எதிரி: வெளியேற வழியில்லாத தண்ணீர். கைப்பிடிச் சுவரில் பதித்த தூம்பு ஒன்று நான்கு அங்குலம் இருக்கும். வேப்பிலையும் காக்கை கொண்டுவந்து போடும் குச்சியும் ஒரே கோடையில் அதை அடைத்துவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது இந்த ஊரில் 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. பத்துக்குப் பத்து மீட்டர் மாடி ஒன்றில் அது 48,000 லிட்டர். தூம்பு திறந்திருந்தால் தெருவுக்குப் போகும். அடைபட்டிருந்தால் கைப்பிடிச் சுவருக்குள் தேங்கும். ஓரடி தேங்கினாலே சதுர மீட்டருக்கு 300 கிலோ கூடுதல் பாரம். மாடியில் ஆட்கள் நடமாடுவதற்காக இன்றைய விதிகள் கணக்கில் எடுக்கச் சொல்லும் எடை 150 கிலோதான். அதைப் போல இரண்டு மடங்கு, ஊறிப்போன ஒரு கூரையின் தலையில் ஒரே இரவில் ஏறுகிறது.

அந்த ஒரு இரவு மட்டும் காரணமாவதில்லை. முந்தைய நான்கைந்து மழைக்காலங்களில் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் தண்ணீர் இறங்கியிருக்கும். அந்த மூலைக்கு நேர் கீழே, சுவருக்குள் முக்கால் அடி செருகப்பட்ட உத்திரத்தின் நுனி இருக்கிறது. நடு உத்திரம் இரும்பு போல இருக்கும். நுனி மட்டும் கறுத்து, ஈரப் பஞ்சாகி, கரையான் ஏறியிருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பொறியாளர் ‘மரம் நன்றாக உள்ளது’ என்று எழுதிவிட்டுப் போவது இதனால்தான். நுனியைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்பதற்குப் பதில் மொத்தென்று கேட்கும். 6 மில்லிமீட்டர் துளைப்பானை இறக்கினால் நல்ல மரத்தில் சுருள் சுருளாகத் தூள் வரும். அழுகிய மரத்தில் கறுப்பு மாவு வரும். ஒரு கட்டடத்தின் எல்லா நுனிகளையும் இப்படிச் சோதிக்க ஒரு தச்சருக்கும் உதவியாளுக்கும் இரண்டு நாள் போதும். பூட்டிக் கிடக்கும் கட்டடங்களில் எத்தனைக்கு இந்தச் சோதனை நடந்திருக்கிறது என்று துறையின் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நுனி அழுகியது தெரிந்தால் கூரையை இடிக்க வேண்டியதில்லை. அழுகிய பகுதியை நல்ல மரம் வரை வெட்டி எடுத்து, அதே தேக்கில் சாய்வெட்டு ஒட்டுப் போட்டு, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி இறக்கலாம். சுவருக்குள் வைக்கும்போது நுனியைச் சுற்றி ஓர் அங்குலம் காற்றுக்கு இடம் விட வேண்டும். இதைச் செய்யாமல் சாந்தை அப்பி அடைப்பதால்தான் புதிதாக வைத்த மரமும் ஐந்தாறு ஆண்டில் போகிறது.

ஆள் புழங்கும் வீட்டில் கசிவு வந்தால் அன்றே யாராவது சத்தம் போடுவார்கள். பூட்டிய கட்டடத்தில் அதைச் சொல்ல ஆளில்லை. ஜன்னல்களைப் பலகை அடித்து மூடுவதால் உள்ளே காற்று நிற்கிறது. கடலோர உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து சுவர்ப் பூச்சு மாவாக உதிர்கிறது. அந்த வீடுகளின் கதவு, ஜன்னல்களில் சாய்வுப் பட்டைகளை வைத்துக் கட்டியவர்கள் காரணத்தோடுதான் வைத்தார்கள். வெயிலும் மழையும் வராமல் காற்று மட்டும் போய்வரும். அந்தப் பட்டைகளின் மேல் பிளைவுட் அடிப்பது மூச்சுத் துளையை அடைப்பதற்குச் சமம். மூட வேண்டுமென்றால் உள்பக்கம் கம்பி வலை அடியுங்கள். பட்டைகளைத் திறந்து விடுங்கள்.

அரசங்கன்று பற்றியும் சொல்ல வேண்டும். காக்கை எச்சத்தில் வந்து கைப்பிடிச் சுவரில் முளைக்கும் கன்று, விரல் கனம் இருக்கும்வரை கையால் பிடுங்கலாம். அதைத் தாண்டிவிட்டால் பிடுங்கக் கூடாது. வேரோடு செங்கல்லும் பெயர்ந்து வரும். தண்டை வெட்டி, அடிக்கட்டையில் துளையிட்டு, அனுமதி பெற்ற பூச்சித் தடுப்பு ஆளை வைத்துக் களைக்கொல்லி இறக்கி, வேர் செத்துக் காய்ந்த பிறகு விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்ப வேண்டும். விரல் கனத்தில் பத்து நிமிட வேலை. தொடை கனத்தில் சுவரையே பிரித்துக் கட்டும் வேலை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஐந்து மழைக்காலம். கடற்கரைச் சாலையை ஒட்டிய வீதிகளில் நடந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனால் போதும். எந்தக் கட்டடம் எத்தனை ஆண்டாகப் பூட்டியிருக்கிறது என்பதை மரத்தின் கனமே சொல்லும்.

அடுத்தது நாட்காட்டி. எங்கள் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை இதுதான்.

ஏப்ரலில் நிதியாண்டு தொடங்குகிறது. எஸ்டிமேட் தயாராக ஜூன், ஜூலை ஆகிறது. தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம் எல்லாம் முடியும்போது அக்டோபர் பாதி. அதாவது வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும் நேரம். மட்டப்பா தளத்தை மழையில் அடிக்க முடியாது. பொங்கலுக்குப் பிறகுதான் சாரமே கட்ட முடியும். மார்ச் 31-க்குள் பில் போட வேண்டும், இல்லையென்றால் நிதி திரும்பிப் போய்விடும். ஆக, கையில் இருப்பது பத்து வாரம்.

பத்து வாரத்தில் சுண்ணாம்பு வேலை நடக்காது. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, தண்ணீர் மூடியபடி குறைந்தது மூன்று வாரம் ஊறவிட வேண்டும். அவசரத்தில் நீறாத கட்டி உள்ளே தங்கினால், பூசிய பிறகு அது நீறி உப்பி, சுவரில் அம்மைத் தழும்பு போலப் பொக்குளம் விடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு மணல். மூன்று கை பூச்சு. ஒவ்வொரு கையும் அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஒன்று இறுகிய பிறகே அடுத்தது. நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். தளம் அடித்தால் அதற்கு மேல் இரண்டு வாரம் ஈரம் காய விடக்கூடாது. இதையெல்லாம் கணக்குப் போட்டால் ஒரு நடுத்தர அளவுக் கட்டடத்துக்கு நான்கைந்து மாதம் தேவை. பத்து வாரத்தில் முடிக்கச் சொன்னால் ஒப்பந்ததாரர் ஒன்றுதான் செய்வார்: சுண்ணாம்பில் சிமெண்ட் மூட்டையைக் கொட்டுவார். அளவுப் புத்தகத்தில் ‘சுண்ணாம்புப் பூச்சு’ என்றே பதிவாகும்.

சிமெண்ட் பூசினால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கிறார்கள். இந்த ஊரின் பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை மூடுகிறது. ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறுகிறது. இரண்டடி உயரத்தில் தெரிந்த உப்புக் கோடு ஐந்தடிக்குப் போகும். சிமெண்ட் பலகை போல நிற்கும், அதன் பின்னால் செங்கல் பொடியாகிக்கொண்டே இருக்கும். ஒருநாள் பூச்சு மொத்தமாகப் பெயரும்போது பின்னால் அரை அங்குலம் சுவரும் சேர்ந்து வரும். புதிதாகச் சீரமைத்து வண்ணம் அடித்த கட்டடங்கள் மூன்றே ஆண்டில் திட்டுத் திட்டாக உரிவதற்கு வண்ணம் தரமில்லை என்று காரணம் சொல்லப்படுகிறது. வண்ணத்தில் குற்றமில்லை, அடியில் இருப்பதில்தான்.

இதோடு சேர்ந்தது டெண்டர் முறை. மட்டப்பா, தட்டோடு, சுண்ணாம்புச் சாந்து போன்ற வேலைகளுக்கு விலைப்பட்டியலில் இன்றைய கூலிக்கு ஏற்ற தொகை இல்லை. எஸ்டிமேட் போடும் இளம் பொறியாளர் தனக்குத் தெரிந்த சிமெண்ட் வேலையின் விலையை எடுத்து எழுதுகிறார். குறைந்த தொகை கேட்டவருக்கு வேலை போகிறது. அவர் அரசுப் பள்ளிக்குக் கழிவறை கட்டியவராக இருக்கலாம். அதில் தவறில்லை, ஆனால் மட்டப்பா அடித்த ஆள் ஒருவர்கூட அவரிடம் இருக்க மாட்டார். தளம் அடிக்கத் தெரிந்த கொத்தனார்கள் இந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் இன்னும் இருக்கிறார்கள். பலருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு ஆண்டு முழுக்க வேலை கொடுக்க முடியவில்லை. பத்து வாரம் வேலை, பிறகு ஒன்பது மாதம் சும்மா. அவர்கள் டைல்ஸ் ஒட்டப் போய்விடுகிறார்கள்.

தமிழர் பகுதிக்கு வருவோம். வீதிக்குத் தாழ்வாரமும் உள்ளே திண்ணையும் முற்றமும் கொண்ட வீடுகள். மரத்தூண் மேல் நிற்கும் நாட்டு ஓட்டுத் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல் தருவதற்காகவே வீட்டுக்காரர் தன் செலவில் வைத்தது. 2002-க்கும் 2004-க்கும் இடையில் ஐரோப்பிய ஒன்றிய நிதியோடு வைசியாள் வீதியில், அதாவது கால்வே சுப்புராயச் செட்டியார் வீதியில், முகப்புகளைச் சீரமைத்தார்கள். செலவில் பாதியைத் திட்டம் கொடுத்தது, மீதியை வீட்டுக்காரர்கள் போட்டார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது. பாதிப் பணம் கொடுத்தால் மீதிப் பாதியைப் போட மக்கள் தயார் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. அந்த முறையை மற்ற வீதிகளுக்கும் ஏன் நிலையான திட்டமாக ஆக்கவில்லை?

தனியார் வீடுகளில் பூட்டியவை வேறு காரணத்தால் பூட்டியவை. வாரிசுகளில் ஒருவர் பாரீஸ் பக்கம், ஒருவர் ரெயூனியன் தீவில், ஒருவர் இங்கே. பிரெஞ்சுக் காலத்தில் எழுதிப் பதிந்த பழைய நொத்தேர் பத்திரம், பாகப்பிரிவினை வழக்கு, காலாவதியான பவர் பத்திரம். யாரும் ஓடு மாற்றக்கூட முன்வர முடியாது; மாற்றியவர் உரிமை கொண்டாடுகிறார் என்று மற்றவர் சந்தேகப்படுவார். அந்த வீடுகளின் கூரை விழுந்ததும் ‘ஆபத்தான கட்டடம்’ என்று சான்று வாங்கி இடிப்பது எளிதாகிவிடுகிறது. சிலருக்கு அதுதான் வேண்டியதும். பக்கத்து மனையில் அடித்தளத்துக்குப் பத்தடி பள்ளம் தோண்டும்போது தடுப்புச் சுவர் இல்லாமல் தோண்டுவதும் இதே கதையின் இன்னொரு பக்கம். பழைய வீட்டுச் சுவரின் அஸ்திவாரம் மூன்று நான்கு அடிக்கு மேல் போகாது. பக்கத்தில் பத்தடி பள்ளம் ஒரு மழையைப் பார்த்தால் மண் சரியும், சுவர் வாய் பிளக்கும். அனுமதி கொடுக்கும்போது பக்கத்தில் என்ன நிற்கிறது என்று வரைபடத்தில் காட்டச் சொன்னாலே பாதி விபத்து குறையும்.

நின்றுபோன பெரிய திட்டங்கள் இரண்டைக் குறிப்பிடாமல் இந்த மடல் முழுமையாகாது.

ஒன்று, மில்கள். ரோடியர் மில் என்று ஊர் சொல்லும் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) 1898-இல் தொடங்கியது; 2011 டிசம்பரில் தானே புயல் அதன் கூரைகளைப் பிய்த்தது; 2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. சவானா மில் வாசலில் 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமையை இந்த ஊர் தொழிலாளி அந்த விலை கொடுத்து வாங்கினார். அந்த மில் நிலங்களில் என்ன வரப்போகிறது என்று ஒவ்வொரு ஆட்சியிலும் ஒரு அறிவிப்பு வருகிறது. எது வந்தாலும் வரட்டும். அதுவரை கொட்டகைகளின் நிலை என்ன? மில் கொட்டகையின் உயிர் அதன் பள்ளத் தகரக் காலில் இருக்கிறது: இரண்டு சரிவுகள் சேரும் இடத்தில் ஓடும் நீர்க்கால். அது துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் நேராக இரும்புத் தூணின் தலையில் இறங்கும். தூண் உள்ளீடற்ற வார்ப்பிரும்பாக இருந்தால் பல இடங்களில் மழைநீர்க் குழாயாகவும் அதுவே பயன்படும். அடியில் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் நின்று வெடிக்கும். நீர்க்காலை மாற்றுவதும் தூண் அடியைத் திறந்துவிடுவதும் சில வார வேலை. ‘மறுவளர்ச்சித் திட்டம் இறுதியாகட்டும்’ என்று அதையும் நிறுத்தி வைப்பது, கடைசியில் ‘எல்லாம் துருப்பிடித்துவிட்டது, இடிப்பதே வழி’ என்ற அறிக்கையில்தான் போய் முடியும்.

மற்றொன்று, பெரிய மார்க்கெட். நேரு வீதியை ஒட்டிய குபேர் அங்காடியைப் புதுப்பிக்கும் திட்டம் பொலிவுறு நகரம் திட்டத்தில் பேசப்பட்டது. புதுச்சேரி அத்திட்டத்தில் சேர்ந்தது 2017-இல். நாடு முழுக்க அத்திட்டம் 2025 மார்ச் 31-இல் முடிந்தது. வியாபாரிகள் மொத்தமாகக் காலி செய்துவிட்டுத் தற்காலிக இடத்துக்குப் போக மறுத்தார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வதோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பூக்கடைக்கும் காய்கறிக் கடைக்கும் வாடிக்கை என்பது இடத்தோடு ஒட்டியது. திரும்பி வரும்போது அதே அளவுக் கடை, அதே மூலை, அதே வாடகை என்று கையெழுத்திட்ட தாள் ஒன்று கையில் இல்லாமல் எந்தக் குடும்பமும் கடையை விட்டு இறங்காது.

கட்டுமானக் கணக்கிலும் மொத்தமாகக் காலி செய்ய வேண்டிய தேவை இல்லை. அங்காடியை நான்கு பகுதியாகப் பிரிக்கலாம். வேலை மூன்று வகை. முதலில் வடிகால். மீன் கழுவும் உப்புத் தண்ணீர்தான் தூண்களின் அடியைத் தின்கிறது. அதைத் தனிக் கால்வாயில் இழுத்து வெளியேற்றாமல் மேலே என்ன கட்டினாலும் வீண். இரண்டாவது மின்சாரம்: கடைக்குக் கடை இழுத்து முறுக்கிய வயர்களை அகற்றி, ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெட்டியும் கசிவுத் தடுப்பானும் வைக்க வேண்டும். பழைய மார்க்கெட்டுகளில் தீ பெரும்பாலும் அந்த வயரில்தான் தொடங்கும். மூன்றாவதாகக் கூரை, ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும். அந்தப் பகுதிக் கடைகள் மட்டும் நான்கு மாதம் நகர்ந்தால் போதும். பொங்கல் முடிந்து தொடங்கி, ஆயுத பூஜைக்கு முன் இரண்டு பகுதி முடிக்கலாம். தீபாவளி வியாபாரம் கெடாது. இரண்டு ஆண்டில் மொத்தமும் முடியும். ‘இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்’ என்ற பேச்சில் கழிந்த காலத்தில் இதை இரண்டு முறை செய்து முடித்திருக்கலாம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பூட்டிய ஒவ்வொரு அரசுப் பாரம்பரியக் கட்டடத்துக்கும், பெரிய திட்டம் எந்த நிலையில் இருந்தாலும், தனியாக ஒரு பராமரிப்புத் தொகை ஒதுக்குங்கள். அது சீரமைப்புத் திட்டத்தின் கோப்போடு சேரக் கூடாது. சேர்ந்தால் அதோடு தூங்கிவிடும். இளநிலைப் பொறியாளர் தன் அதிகாரத்திலேயே செலவழிக்கும்படி இருக்கட்டும். அதில் செய்ய வேண்டியது: ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதத்திலும் செப்டம்பரிலும், மாடியைப் பெருக்குவது, தூம்புகளில் வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்ப்பது, கன்றுகளை எடுப்பது, உடைந்த தட்டோட்டை மாற்றுவது, உத்திர நுனிகளைச் சோதிப்பது.

இந்த ஆண்டு செப்டம்பர் 30-க்குள், ஆபத்தான கூரைகளுக்கு முட்டு கொடுத்து முடியுங்கள். இரும்பு ஜாக்கியோ ஆறங்குல சவுக்குக் கட்டையோ எதுவானாலும், அடியில் பலகை, மேலே பலகை, இடையில் ஆப்பு. ஆப்பை அடித்துக் கூரையைத் தூக்க முயலக் கூடாது, தாங்கினால் போதும். மாடியில் வைக்கும் முட்டுக்கு நேர் கீழே தரைத்தளத்திலும் முட்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் மேல் பாரம் கீழ்த்தளத்தைக் குத்தி இறங்கும். தார்ப்பாய் போடுவதானால் சாய்வாகச் சட்டம் கட்டி, தளத்துக்கும் பாய்க்கும் ஓரடி இடைவெளி விட்டு, கைப்பிடிச் சுவருக்கு வெளியே தண்ணீர் விழும்படி போடுங்கள். தளத்தின் மேல் அப்படியே விரித்துக் கல் வைத்தால் ஈரம் உள்ளேயே வேகும். ஒவ்வொரு பெரிய விரிசலின் குறுக்கேயும் ஒரு கண்ணாடிச் சில்லைச் சாந்தில் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். சில்லு உடைந்தால் சுவர் நகர்கிறது. மாதம் ஒருமுறை படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டினால் போதும்.

சீரமைப்பு ஒப்பந்தங்களை இரண்டு நிதியாண்டுக்கு நீளும்படி போடுங்கள். டெண்டர் மே மாதம் முடிந்து, சுண்ணாம்பு ஊறுவது மழைக்காலத்தில் நடந்து, தளமும் பூச்சும் ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை நடக்கட்டும். நிதி திரும்பிப் போகும் என்ற பயத்துக்கு நிதித் துறையோடு பேசி ஒரு வழி செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது.

மட்டப்பா, தட்டோடு, மூன்று கை சுண்ணாம்புப் பூச்சு, உத்திர ஒட்டு ஆகியவற்றுக்கு இன்றைய கூலியில் தனி விலை நிர்ணயம் செய்து பட்டியலில் சேருங்கள். டெண்டரில் கலந்துகொள்பவர், இந்த வேலை தெரிந்த குறைந்தது நான்கு கொத்தனார்கள் தன்னிடம் இருப்பதை ஒரு மாதிரிச் சுவரும் ஒரு சதுர மீட்டர் தளமும் போட்டுக் காட்டட்டும். அந்த மாதிரி, வேலை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். முடிந்த வேலையை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பில் போடுங்கள்.

வாரிசுத் தகராறால் பூட்டிய தனியார் வீடுகளில், உரிய அறிவிப்பு கொடுத்த பிறகு, நகராட்சியே நுழைந்து கூரைக்கு அவசரப் பராமரிப்பு மட்டும் செய்து, செலவை வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்க வழி செய்யுங்கள். அது யாருடைய உரிமையையும் பாதிக்காது என்று உத்தரவிலேயே எழுதுங்கள். ‘ஆபத்தான கட்டடம்’ என்ற சான்று தருமுன் பழைய கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவரின் இரண்டாவது ஆய்வைக் கட்டாயமாக்குங்கள். வைசியாள் வீதியில் நடந்த பாதிக்குப் பாதி மானியத்தை ஆண்டுக்கு ஒரு வீதி என்ற கணக்கிலாவது மறுபடி தொடங்குங்கள்.

பெரிய மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையையும் அளந்து, படம் எடுத்து, எண்ணிட்டு, வியாபாரியும் நகராட்சியும் கையெழுத்திட்ட அட்டையை அவர் கையில் கொடுங்கள். அதன் பிறகு வடிகால் வேலையை முதல் பகுதியில் தொடங்குங்கள். மில் கொட்டகைகளின் நீர்க்கால்களையும் தூண்களையும் இந்த மழைக்கு முன் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. பூட்டிய அரசுப் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலை, எந்த ஆண்டிலிருந்து பூட்டியது, கடைசியாக மாடிக்கு ஆள் ஏறிய தேதி என்ன, எந்த அதிகாரி பொறுப்பு என்ற மூன்று தகவல்களோடு, ஆகஸ்ட் 15-க்குள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். சோதனைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களில் கொத்தனாரும் தச்சரும் பொறியாளரும் சேர்ந்து கட்டடத்துக்கு இரண்டு நாள் கூலியில்லாமல் வரத் தயார். சாவியை மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரியில் பழைய கட்டடங்களில் வேலை செய்யும் சுண்ணாம்புக் கொத்தனார்கள், தச்சர்கள், பொறியாளர்கள்